வெயில்முத்துவுக்குக் கேதம் சொல்லவில்லை

அநியாயம் நடந்தது என் தாத்தாவுக்கு, அக்கா. பெயர் வெயில்முத்து. நாச்சியூரணி பேரூராட்சியில் முப்பத்தொரு வருஷம் தெருத்தெருவாகத் தண்ணீர் திறந்துவிட்டவர். அவர் கூடப்பிறந்த அக்கா செத்துப்போனாள்; அவருக்குக் கேதம் சொல்லவில்லை. சாவுச் செய்தி சொல்ல ஆள் அனுப்பவில்லை. பிறந்த வீட்டுக் கோடி இல்லாமலே தூக்கிக்கொண்டு போய்ச் சுட்டுவிட்டார்கள். இதுதான் விஷயம். இதை யாரிடம் சொன்னாலும் "சரி விடும்மா, நடந்தது நடந்துபோச்சு" என்கிறார்கள். எப்படி விடுவது? நடந்தது நடந்துபோச்சு என்பது ஒரு வாதமா?

பஸ் ஏறியதும் நீங்கள் கேட்டதால்தான் சொல்கிறேன். 'பையை மேலே வையேன், ஏன் மடியில் இறுக்கிப் பிடிச்சிருக்கே' என்றீர்கள். மேலே வைக்க முடியாது அக்கா. அந்தக் கோடிச் சேலை இதற்குள்தான் இருக்கிறது. மயில்கழுத்து நிறம். மடிப்புகூட முழுதாகக் கலையவில்லை, பாருங்கள்.

பொம்பளை செத்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ கோடிச் சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அதற்கு அப்புறம்தான் தூக்க வேண்டும். உங்கள் பக்கமும் அப்படித்தானே? நான் சமூகவியல் எம்.ஏ., இரண்டாம் வருஷம். சொத்தில் பங்கு கொடுக்காமல் ஏமாற்றிய பெண்ணுக்கு, செத்த பிறகு ஒரு துணியைக் கொடுத்துக் கணக்கு முடிக்கிற ஏற்பாடு இது. நான் கட்டுரையே எழுதியிருக்கிறேன். ஆனால் வழக்கம் என்று ஒன்று இருந்தால் எல்லோருக்கும் இருக்க வேண்டும். என் தாத்தாவுக்கு மட்டும் இல்லை என்றால் அது என்ன நியாயம்?

அந்த அக்கா பெயர் பிரமு. கட்டிக்கொடுத்தது வடக்குப் பனங்காடு. எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், சித்திரையில், வந்து நாலு நாள் இருந்தாள். போகிற அன்றைக்குத் தாத்தாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏல, நீ எனக்கு எடுத்த சேலை பூராம் சாணிப் பச்சைதான். தலை தீபாவளிக்கும் சாணிப் பச்சை. மூத்தவன் பொறந்ததுக்கும் சாணிப் பச்சை. கடைசிச் சேலையாவது நான் சொன்ன கலர்ல எடு. செத்த பொறவு எந்திரிச்சு வேண்டாம்னு சொல்ல முடியாதுல்லா."

"சவத்த மாதிரி பேசாத," என்றார் தாத்தா.

"சவமாயிட்டாப் பேச முடியாதுன்னுதாம்ல இப்பமே பேசுதேன். கெளம்பு."

உயிரோடு இருக்கிற ஆளுக்குக் கோடி எடுப்பது எங்கேயாவது உண்டா? இரண்டு பேரும் கோவில்பட்டிக்குப் போனார்கள். அவளே தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்து எடுத்தாள். கடைக்காரப் பெண் "கல்யாணத்துக்கா பாட்டி?" என்று கேட்டாளாம். "ஆமா, ஊரே வரும்" என்றாளாம் இவள். தாத்தா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு கதைக்குத்தான்.

மற்றபடி பேசவே மாட்டார். அதற்கும் காரணம் இருக்கிறது. தண்ணீர் திறக்கிற வேலை உங்களுக்குத் தெரியுமா? தெருமுனையில் குழிக்குள் வால்வு இருக்கும். நெஞ்சு உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி, மேலே குறுக்குக் கம்பி. அதை உள்ளே விட்டுச் சுற்ற வேண்டும். மேலத்தெருவுக்குப் பதினாலு சுற்று, பள்ளிக்கூடத் தெருவுக்கு ஒன்பது. ஒரு சுற்று கூடிப்போனால் அடுத்த தெருவுக்குத் தண்ணீர் ஏறாது. அதனால் எண்ணிக்கொண்டே சுற்றுவார். உதடு மட்டும் அசையும். பெண்கள் குடத்தை வைத்துக்கொண்டு, "ஏய்யா வெயில்முத்து, எங்க தெருவுக்கு மட்டும் நூல் மாதிரி விடுதீரே, கீழத்தெருவுல யாரை வச்சிருக்கீரு?" என்று கத்துவார்கள். பதில் சொன்னால் எண்ணிக்கை தப்பிவிடும். அதனால் சொல்ல மாட்டார். முப்பத்தொரு வருஷம் இப்படியே இருந்து, வால்வு இல்லாத இடத்திலும் யார் கத்தினாலும் பதில் சொல்லாத பழக்கம் வந்துவிட்டது. இதைப் போய்ப் பொறுமை என்கிறார்கள். நான் இதைப் பொறுமை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். இது கோழைத்தனம்.

ஆதாரம் இல்லாமல் பேச மாட்டேன். சொல்கிறேன், கேளுங்கள்.

அப்பா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலம். அம்மன் கோயில் கொடைத் திருவிழா. மூன்று நாளும் ஊருக்கு இரண்டு வேளை தண்ணீர் என்று தலைவர் மைக்கில் சொல்லியிருக்கிறார். முதல் நாள் காலையில் பார்த்தால் டேங்க் காலி. யாரோ டேங்க்கைக் கழுவிவிடுகிற வால்வைத் திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அத்தனை தண்ணீரும் ஓடைக்குப் போய்விட்டது. திறந்து வைத்தது அந்தோணி என்கிற புது ஃபிட்டர். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். வீட்டில் பச்சைப் பிள்ளை. தலைவர் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து "எவம்ல தொறந்தது?" என்று கேட்டிருக்கிறார். தாத்தா, "நான்தான்" என்று சொல்லியிருக்கிறார்.

நான்தான். அவ்வளவுதான். மூன்று மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். கொடைக்கு வந்த விருந்தாளிகளுக்குக் கால் கழுவத் தண்ணீர் இல்லை என்று பெண்கள் வெறுங்குடங்களைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் உருட்டினார்கள். "வெயில்முத்து பேருக்கேத்த வேலையப் பாத்துட்டான், ஊரையே காயப் போட்டுட்டான்" என்று ஒருத்தி சொன்னாள். அதோடு பெயர் நிலைத்துவிட்டது. காலி டேங்க். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதும் என்னைக் 'காலி டேங்க் பேத்தி' என்றுதான் கூப்பிட்டார்கள் அக்கா. இருபது வருஷம் கழித்து! அந்தோணி இப்போது பெரிய வீடு கட்டியிருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கு அனுப்புவார். அவரே அப்பாவிடம் ஒரு தடவை அழுதுகொண்டே உண்மையைச் சொல்லியிருக்கிறார். நான் தாத்தாவிடம் போய்க் கேட்டேன். "ஏன் தாத்தா மறுக்கவில்லை?" அவர் என்ன சொன்னார் தெரியுமா? "முறுக்கு நல்லா இருக்கா?"

இப்படிப்பட்ட மனிதருக்கு யாராவது வாயைத் திறக்க வேண்டாமா? அதனால்தான் நான் திறக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிரமுவின் மூத்த மகன் கொம்பையா. தாத்தா அவருக்குத் தாய்மாமன். அவருக்குக் காது குத்தியதே தாத்தா மடியில் வைத்துத்தான். எனக்கு மாமா முறை. போன வருஷம் தை மாதம் அவர் மகள் கல்யாணம். பத்திரிகை வந்தது. பிரித்துப் பார்த்தேன். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று பதினெட்டுப் பெயர். எண்ணினேன். உரக்கடைக்காரர் பெயர்கூட இருக்கிறது. தாத்தா பெயர் இல்லை. தாய்மாமன் பெயரை விட்டுவிட்டு உரக்கடைக்காரர்! கேட்டால் அச்சகத்தில் விட்டுப்போச்சாம். தாத்தா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போய், பந்தியில் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார். நான் போகவில்லை. கொள்கை.

இந்த வருஷம் மே மாதம். எனக்கு விடுமுறை, தாத்தாவோடு இருந்தேன். அப்பா செம்பகராசுவும் அம்மாவும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். அங்கே வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே முக்கால். தாத்தா டேங்க் பக்கம் போயிருந்தார். ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகியும் தினமும் அங்கே போய்த் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். போன் சார்ஜில் கிடந்தது. அடித்தது. எடுத்தேன்.

"மாமா இல்லையா?"

"வெளியே போயிருக்காங்க. நீங்க யாரு?"

"நான் கொம்பையா பேசுதேன். செம்பகராசு மகளா? வீட்ல ஆம்பளையாளு யாரும் இருந்தா போனக் குடு தாயி."

கேட்டீர்களா? ஆம்பளையாளு. நான் விடுவேனா?

"எதுக்கு ஆம்பளை? எதுவானாலும் என்கிட்ட சொல்லுங்க."

"இல்ல தாயி, இது பெரியாளுககிட்ட சொல்லுத விசயம்."

"எனக்கு இருபத்திரண்டு வயசு. நான் ஓட்டுப் போடுறவ."

"பக்கத்து வீட்லயாவது யாரும்..."

"பக்கத்து வீட்டு ஆம்பளைகிட்ட சொல்லலாம், இந்த வீட்டுப் பொம்பளைகிட்ட சொல்லக்கூடாதா? கல்யாணப் பத்திரிகையில எங்க தாத்தா பேரைப் போடத் தெரியல. இப்ப என்ன திடீர்னு மாமா?"

போனில் அவருக்குப் பின்னால் ஒரே பொம்பளைகள் சத்தம். டிவி என்று நினைத்தேன். காலைப் பத்து மணிக்கே சீரியல் பார்க்கிற வீடு. அப்புறம், "கோவப்படாத தாயி, மாமாவ ஒடனே கூப்பிடச் சொல்லு. ஒடனே," என்றார். "சொல்றேன், சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. போனைச் சைலண்டில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்தேன். அவர் மகளுக்கு ஏழாம் மாதம் என்று கேள்விப்பட்டிருந்தேன். வளைகாப்புக்குக் கூப்பிடுகிறார், அதையும் நேரில் வராமல் போனில் கூப்பிடுகிறார் என்று தோன்றியது. தோன்றுமா தோன்றாதா? நீங்களே சொல்லுங்கள். அந்த அவமானத்தை நானே ஏன் தாத்தா கையில் கொடுக்க வேண்டும்? சாயங்காலம் வரைக்கும் பதினோரு தடவை கூப்பிட்டிருக்கிறார். பதினோரு தடவை! என்ன ஒரு பிடிவாதம் பாருங்கள்.

மத்தியானம் தாத்தா வந்தார். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்திருந்தேன். சாப்பிட்டுக்கொண்டே "யாரும் கூப்பிட்டாவளா?" என்று கேட்டார். முக்கியமாக யாரும் இல்லை என்றேன். அது பொய் கிடையாது. அது என் கணிப்பு.

சாயங்காலம் ஆறரை இருக்கும். வாசலில் மினிபஸ் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே கத்தினார்.

"ஏ பெரியவரே, நீரு இங்கயா இருக்கீரு? பனங்காட்டுல ஒம்ம அக்காவத் தூக்கிட்டாவளே! அஞ்சு மணி வரைக்கும் ஒமக்காவத்தான் போட்டு வச்சிருந்தாவ. யாரோ பங்காளி ஒருத்தர் பொறந்த வீட்டுக்காரரா நின்னு கோடி போட்டாராம்."

தாத்தா வாசல் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். வாஷரை முழுக்க மாட்டி, குழாயைத் திறந்து, ஒழுகவில்லை என்று பார்த்து, மூடினார். உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து இந்தச் சேலையை எடுத்தார். சட்டையை மாட்டினார். மூன்று பொத்தான் போட்டவர் அப்படியே நின்றுவிட்டார்.

"வாங்க தாத்தா, போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வருவோம்" என்றேன்.

"இனி யாருக்குப் போத்த?" என்றார்.

நான் எதையும் மறைக்கவில்லை அக்கா. காலையில் அவர் கூப்பிட்டார், ஆம்பளையைக் கொடு என்றார், விஷயத்தைச் சொல்லவில்லை, அதனால் அது கேதம் சொன்னதாக ஆகாது என்று வரிசையாக எடுத்துச் சொன்னேன். போன் எங்கே என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். பட்டன் போன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எடுக்காத அழைப்புகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்ன தாத்தா?"

"ஒண்ணுமில்ல தாயி. நீ சாப்பிட்டியா?"

இவ்வளவுதான் அந்த மனிதருக்கு வந்த கோபம்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குக் கார்டு வந்தது. இந்தத் தடவை முதல் பெயரே 'தாய்மாமன் வெயில்முத்து'. பார்த்தீர்களா? குற்ற உணர்ச்சி. தாத்தா போக வேண்டாம் என்றார். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். சபையில் கேட்க வேண்டியதைச் சபையில்தான் கேட்க வேண்டும்.

பந்தல் போட்டிருந்தார்கள். நூறு பேருக்குக் குறையாது. கொம்பையா மாமா மொட்டைத் தலையோடு மணையில் உட்கார்ந்திருந்தார். ஒரு பெரியவர், "தாய்மாமன் வாங்க, உருமா கட்டுங்க" என்று கூப்பிட்டார். தாய் செத்த மகனுக்குத் தாய்மாமன்தான் முதலில் தலைப்பாகை கட்ட வேண்டும். தாத்தா எழுந்து போனார். புதுத் துண்டைக் கையில் வாங்கினார். மாமா தலையைக் குனிந்தார். தாத்தா துண்டை உதறி விரித்தார். அப்போதுதான் எனக்குத் தோன்றியது: இதைக் கட்டிவிட்டால் எல்லாம் முடிந்துபோகும். ஒருத்தரும் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் சாப்பிடப் போய்விடுவார்கள். சமரசம் என்றால் என்ன? அநியாயத்துக்கு மேல் துண்டைப் போட்டு மூடுவது.

எழுந்து நின்றேன். "ஒரு நிமிஷம்" என்றேன்.

"ஏட்டி, பொட்டப்பிள்ளைக்கு சபையில என்ன பேச்சு?" என்றது ஒரு கிழவி. அது போதாதா எனக்கு? நன்றாகப் பேசினேன் அக்கா. பல்கலைக்கழகப் பட்டிமன்றத்தில்கூட அவ்வளவு கோர்வையாகப் பேசியதில்லை. கேதம் என்றால் ஆள் வர வேண்டும், ஆள் வந்ததா? பிறந்த வீடு வராமல் தூக்கலாமா? உரக்கடைக்காரருக்கு இருக்கிற மரியாதை தாய்மாமனுக்கு இல்லையா? எழுபத்தொரு வயதுக் கிழவரைக் கூடப்பிறந்தவள் முகத்தைப் பார்க்கவிடாமல் செய்தது யார்? இந்தச் சபை பதில் சொல்ல வேண்டும். அப்படிக் கேட்டேன்.  சமையல்காரர்கள்கூடக் கரண்டியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

கொம்பையா மாமா தலையை நிமிர்த்தினார். "தாயி, நான் ஒங்கிட்ட..." என்று ஆரம்பித்தார்.

தாத்தா, "ஏ கொம்பையா. இரு," என்றார்.

அப்புறம் சபையைப் பார்த்துச் சொன்னார். "எனக்குச் சொன்னான். காலையிலயே சொல்லிட்டான். நான்தான் போகல."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை.

"ஏம் போகல?" என்றார் பெரியவர்.

"போகல."

"கூடப்பொறந்தவ கெடக்கா. அஞ்சு மணி வரைக்கும் வச்சிருந்து நாறப் பாத்திருக்கோம். போகலன்னா என்னய்யா அர்த்தம்?"

தாத்தா துண்டைப் பிடித்துக்கொண்டே நின்றார். பெரியவர் வந்து அதை வாங்கிக்கொண்டார். "அக்காளுக்குக் கோடி கொண்டு வராத கையி இவனுக்கு உருமா கட்ட வேண்டாம்" என்றார். வேறு யாரோ கட்டினார்கள். பின்னாலிருந்து ஒருத்தி, "பேரு வெயில்முத்துதான? நெஞ்சும் காஞ்சுபோச்சு" என்றாள். எந்த ஊருக்குப் போனாலும் அதே கேலி.

சாப்பிடாமல் வெளியே வந்தோம். கொம்பையா மாமா தலையில் கட்டிய துண்டோடு பின்னாலேயே ஓடி வந்தார். "மாமா" என்றார்.  தாத்தா, "உள்ள போ. வெயிலு," என்றார். இரண்டு மைல் நடந்து வந்து பஸ் ஏறினோம்.

எனக்கு எவ்வளவு அவமானம், யோசித்துப் பாருங்கள். நான் வழக்கு நடத்துகிறேன். என் சாட்சியே எதிர்த்தரப்புக்குச் சாதகமாகச் சொல்லிவிட்டார். பஸ்ஸில் கேட்டேன். "ஏன் தாத்தா பொய் சொன்னீங்க?" ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து கேட்டேன். ஹாஸ்டலுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் கேட்டேன். ஜூனிலிருந்து நவம்பர் வரைக்கும் அதே கேள்வி. "அங்க மழை உண்டுமா?" என்பார். "மெஸ்ஸுல குழம்பு எப்படி?" என்பார். ஊரில் விஷயம் பரவிவிட்டது. டீக்கடையில் அவர் வந்து உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுமாம். அக்கா சாவுக்குப் போகாதவன். அப்பாகூடத் தீபாவளிக்கு வந்தபோது தாத்தாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. டேங்க் பக்கம் போவதையும் நிறுத்திவிட்டார் என்று அம்மா சொன்னாள்.

சேலை என்னிடம் எப்படி வந்தது என்றுதானே பார்க்கிறீர்கள்? கருத்தரங்குக்காக நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். 'பிறந்த வீட்டுக் கோடி: ஒரு சமூகவியல் பார்வை.' மேசைமேல் விரித்து வைத்துப் பேசினேன். நல்ல வரவேற்பு. இரண்டாம் பரிசு. தாத்தாவிடம் சொன்னபோது, "அழுக்காக்கிராத தாயி" என்றார்.

நீங்கள் ஏன் அக்கா கைக்குட்டையை எடுக்கிறீர்கள்? அநியாயத்தைக் கேட்டால் கோபம் வர வேண்டும். அழுதால் என்ன ஆகும்? இந்தப் பழக்கத்தால்தான் நம் ஆட்கள் உருப்படவில்லை.

இப்போது நான் ஊருக்குப் போவதும் அவரிடம் நேருக்கு நேர் பேசத்தான். அதாவது, அப்பா கூப்பிட்டார். இன்று காலை ஒன்பது மணிக்கு.

"ஹாஸ்டல்லயா இருக்க? பக்கத்துல வார்டனோ பெரியாளுகளோ இருந்தாக் குடும்மா."

பாருங்கள், எங்கள் குடும்பத்து ஆண்கள் எல்லோருக்கும் ஒரே வியாதி. எதற்கு வார்டன், எதுவானாலும் என்னிடம் சொல்லுங்கள் என்றேன்.  வேலை நாளில் எப்படிப் போன் பேசுகிறீர்கள் என்று கேட்டேன். "ஊருக்கு வந்திருக்கேன்" என்றார். தாத்தா எங்கே என்றேன். "இங்கதான் இருக்காரு" என்றார். அப்படியென்றால் போனைக் கொடுங்கள் என்றேன். "நீ கெளம்பி வா" என்றார். பின்னால் ஒரே பொம்பளைகள் சத்தம். தாத்தா வீட்டில் டிவி கிடையாது. அப்பா வாங்கி வைத்துவிட்டார் போல. தீபாவளிக்கு முகம் கொடுத்துப் பேசாதவர், இப்போது டிவி வாங்கிக் கொடுத்துச் சமாதானம் ஆகியிருப்பார். நல்லதுதான். நானும் சேலையைத் திருப்பிக் கொடுத்த மாதிரி இருக்கும். போன வாரமே கேட்டார். "அது ஒங்கிட்ட இருக்க வேண்டாம் தாயி, அவளுக்கு எடுத்தது" என்று.

என் கையை ஏன் பிடிக்கிறீர்கள்? எனக்கு ஒன்றுமில்லை அக்கா. காலையில் சாப்பிடவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த நிறுத்தம்தான் எங்கள் ஊர். அதோ டேங்க் தெரிகிறது. இறங்குவதற்குள் சொல்லிவிடுகிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். போன ஞாயிற்றுக்கிழமைதான் கடைசியில் பதில் சொன்னார். ஆறு மாதம் கழித்து. வழக்கம்போல ஆரம்பித்தேன். யார் செய்த தப்புக்கு நீங்கள் பழியை ஏற்றுக்கொண்டீர்கள்? கொம்பையா மாமா செய்த தப்புக்கா? அவரைக் காப்பாற்றவா அந்தப் பொய்?  லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன். இருமல் கேட்டது. அப்புறம்தான் பேசினார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அவர் பேச்சுக்கு என்னிடம் மறுப்பு மூன்று இருக்கிறது. ஒரு வாரமாக யோசித்து வைத்திருக்கிறேன். மூன்றையும் வீட்டுக்குப் போனதும் அவர் முன்னால் உட்கார்ந்து சொல்லத்தான் போகிறேன். இந்தத் தடவை எங்கே போய்விடுவார்? அவர் சொன்னது இதுதான்:

"கொம்பையா ஒரு தப்பும் பண்ணல தாயி. பதினோரு தடவ கூப்பிட்டிருக்கான், நான் எண்ணிப் பாத்துட்டேன். எனக்கு இன்னும் எத்தன நாளு? அந்தப் பேரு எங்கூடயே போயிரும். நீ இனிமேத்தான நாலு சபையில நின்னு பேசணும்."